தீர்ப்பு சரி, காரணம் தவறு: ஜே-ஸியின் ‘கிங்டம் கம்’

அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸியின் ‘கிங்டம் கம்’ ஆல்பம் 2006 நவம்பர் 21 அன்று வெளியாகி, முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ 6,80,000 பிரதிகள் விற்று, பில்போர்ட் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. ஓய்வு பெற்றுவிட்டதாக அறிவித்த ஒரு ராப் பாடகர் மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது அதைவிடப் பெரிய வணிக வரவேற்பை யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதையொட்டி வந்த மதிப்புரைகள் பலவற்றில் கொண்டாட்டம் இல்லை. வசையும் அதிகம் இல்லை; மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் மேடையில் தடுமாறும்போது அவையிலிருப்பவர்கள் தரையைப் பார்த்துக்கொள்வார்களே, அப்படியொரு சங்கடம்தான் அவற்றில் தெரிந்தது. ஜே-ஸியின் பலவீனமான படைப்புகளில் அது ஒன்று என்ற தீர்ப்பு அன்றே எழுதப்பட்டது. இன்றுவரை யாரும் அதை மாற்றி எழுதவில்லை. அந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஓய்வை ஜே-ஸி எத்தனை ஆர்ப்பாட்டமாக அறிவித்தார் என்பதை மறந்துவிட்டால், அவர் திரும்பியபோது எழுந்த சலிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. 2003 நவம்பரில் ‘தி பிளாக் ஆல்பம்’ கடைசி ஆல்பம் என்ற அறிவிப்போடு வந்தது. அதே மாதம் 25-ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் விடைபெறும் கச்சேரி நடந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கச்சேரியே ‘ஃபேட் டு பிளாக்’ என்ற ஆவணப்படமாகத் திரையரங்குகளுக்கு வந்தது. 2005-இன் தொடக்கத்தில் அவர் டெஃப் ஜாம் இசை நிறுவனத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். பாடகி ரிஹானா அந்நிறுவனத்தில் ஒப்பந்தமானது அவருடைய காலத்தில்தான். பல ஆண்டுகள் பாட்டிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்த ராப் பாடகர் நாஸுடன் 2005 அக்டோபரில் மேடையேறிப் பகையை முடித்துக்கொண்டதோடு, சில மாதங்களில் அவரையும் தன் நிறுவனத்துக்கே அழைத்து வந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அந்த ஓய்வில் ஓட்டைகள் ஏராளம். 2004-இலேயே லிங்கின் பார்க் குழுவோடு ஒரு கூட்டு வெளியீடு, பாடகர் ஆர். கெல்லியோடு இன்னொன்று, பிறர் பாடல்களில் அவ்வப்போது ஒரு சரணம் என்று அவர் குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. தனி ஆல்பம் வராதவரை சத்தியம் காப்பாற்றப்படுவதாக அவரும் நாங்களும் சேர்ந்தே பாவனை செய்தோம்.

அப்படித் திரும்பியவர் அடக்கமாகவாவது திரும்பியிருக்கலாம். ஆல்பத்தின் பெயரே 1996-இல் டிசி காமிக்ஸ் வெளியிட்ட ஒரு சித்திரக்கதையிலிருந்து வந்தது. ஒதுங்கி வாழும் சூப்பர்மேன், கட்டுப்பாடற்ற புதிய தலைமுறை நாயகர்களால் உலகம் சீரழிவதைக் கண்டு மறுபடி களமிறங்கும் கதை அது. தன்னை மீட்பராகவும் பின்னால் வந்தவர்களைச் சீரழிவாகவும் நிறுத்திக்கொண்டு ஒருவர் மேடையேறினால், கேட்பவர்கள் அந்த உயரத்தை வைத்துத்தான் அளப்பார்கள். இதற்கிடையே ஆல்பத்துக்கு முன்னோட்டமாக முதலில் தனியே வெளிவந்த ‘ஷோ மீ வாட் யூ காட்’ பாடலின் இசையை எடுத்துக்கொண்டு, அதன் மேல் லில் வெய்ன் தன் வரிகளைப் பாடி மிக்ஸ்டேப்பாக, அதாவது அதிகாரபூர்வமற்ற தொகுப்பாக, சுற்றுக்கு விட்டார். மீட்கப்பட வேண்டிய தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், மீட்பரின் இசையிலேயே மீட்பரைவிடப் பசியோடு பாடியதைக் கேட்டவர்கள் ஒப்பிடாமல் இருந்திருக்க முடியாது.

இனி விமர்சகர்கள் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். சொற்கள் ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் பொதுவான குற்றச்சாட்டு ஒன்றுதான்: அவருக்கு வயதாகிவிட்டது, பணம் சேர்ந்துவிட்டது, நிறுவனத் தலைவரின் அறையிலிருந்து ராப் பாட முடியாது. ஆல்பம் வந்தபோது அவருக்கு 37 வயது நிறைய இரண்டு வாரங்கள் இருந்தன. வேறெந்தக் கலையில் அது முதுமை? ஆனால் 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியின் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்-ஹாப்பின் பிறப்பாகக் கொண்டால், 2006-இல் அந்தக் கலைக்கே வயது 33தான். பாடகர் தான் பாடும் கலையைவிட மூத்தவர். நாற்பதை நெருங்கும் ராப் பாடகர் எதைப் பற்றிப் பாட வேண்டும், எந்தக் குரலில் பாட வேண்டும் என்பதற்கு வெற்றி பெற்ற முன்மாதிரிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்கூட இல்லை. புளூஸ் பாடகருக்கு முதுமை ஒரு தகுதி. ஜாஸ் கலைஞருக்கு அது கௌரவம். ராப் பாடகருக்கு மட்டும் அது காலாவதித் தேதியாகக் கருதப்பட்டது. இந்த முன்முடிவு விமர்சகர்களுடையது மட்டும் என்று சொன்னால் அநியாயம். அது ஜே-ஸிக்குள்ளும் இருந்தது என்பதற்கு ஆல்பத்தின் ஏழாவது பாடலே சாட்சி.

‘30 சம்திங்’ என்ற அந்தப் பாடலை நான் அவ்வப்போது கேட்டுப் பார்ப்பதுண்டு, இன்பத்துக்காக இல்லை. முப்பதுதான் இப்போது புதிய இருபது என்று அதில் அவர் அறிவிக்கிறார். எந்தக் காரை வாங்க வேண்டும் என்று தெரியும் அளவுக்குத் தனக்கு இளமை இருக்கிறது என்றும், அதன் சக்கரங்களில் பளபளப்பு வளையம் மாட்டாத அளவுக்கு முதிர்ச்சி வந்துவிட்டது என்றும் சொல்கிறார். மதுக்கூடத்தில் எல்லோருக்கும் செலவு செய்வதை விட்டுவிட்டு மதுக்கூடத்தையே வாங்கிவிட்டேன் என்கிறார். இங்கே முதிர்ச்சி என்பது முழுக்க முழுக்க வாங்கும் பொருள்களின் மாற்றமாகவே இருக்கிறது. மனிதர் மாறியதற்கு ஒரு தடயமும் இல்லை. கடை மட்டும்தான் மாறியிருக்கிறது. டாக்டர் டிரே அமைத்த இசையும் அதற்கேற்ப ஒரு நிறுவன அலுவலகத்தின் வரவேற்பறையைப் போலச் சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. விமர்சகர்கள் இந்தப் பாடலைக் கடிந்துகொண்டது முற்றிலும் நியாயம். ஆனால் ‘இவருக்கு வயதாகிவிட்டது’ என்று அவர்கள் வாசித்த இடத்தில் எனக்குக் கேட்பது நேர் எதிரானது: வயதாவதைப் பார்க்க மறுக்கும் ஒருவர், அதையும் இருபது வயதுக்காரரின் பெருமையடிப்பாகவே மொழிபெயர்த்துக்கொள்கிறார்.

ஆல்பத்தைச் சூழ்ந்திருந்த விளம்பர இரைச்சலும் இந்த வாசிப்புக்குத் துணை போனது. ‘ஷோ மீ வாட் யூ காட்’ பாடல் பட்வைசர் பீர் விளம்பரத்திலும் ஒலித்தது. மொனாக்கோவில் எடுக்கப்பட்ட அதன் காணொளியில் கார்ப் பந்தய வீரர்கள் டேனிகா பேட்ரிக்கும் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரும் தோன்றினார்கள். அதே காணொளியில் நீட்டப்படும் கிறிஸ்டல் ஷாம்பெயினை அவர் கையசைத்து மறுத்துவிட்டு, தங்க நிறப் புட்டியில் வரும் வேறொரு ஷாம்பெயினை ஏற்றுக்கொள்வார். அதற்குப் பின்னால் ஒரு நியாயமான கோபம் இருந்தது. அந்த ஆண்டு கிறிஸ்டலைத் தயாரிக்கும் நிறுவனத்தின் நிர்வாகி, ராப் உலகத்தோடு அந்த மதுவுக்கு ஏற்பட்ட தொடர்பைப் பற்றி ‘தி எகனாமிஸ்ட்’ இதழ் கேட்டபோது, அவர்கள் வாங்குவதை எங்களால் தடுக்கவா முடியும் என்ற பாணியில் பதில் சொல்லியிருந்தார். ஜே-ஸி வெளிப்படையாக அந்த மதுவைப் புறக்கணித்தார். இனவெறியின் நிழல் படிந்த ஓர் அவமதிப்புக்கு எதிர்வினையாக ஒரு பாடல் எழுதியிருக்க வேண்டியவர், இன்னொரு புட்டியைக் காட்டி முடித்துக்கொண்டார் என்பதுதான் ‘கிங்டம் கம்’ ஆல்பத்தின் துயரம். பொருள் கையிலேயே இருந்தது. அதை எடுத்துப் பாடத்தான் அவர் முன்வரவில்லை.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பெரும்பாலான மதிப்புரைகள் கடந்துபோகும் வழியில் ஒரு வாக்கியத்தில் பாராட்டிவிட்டுப் போன சில பாடல்கள்தான் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதத் தூண்டுபவை. ‘லாஸ்ட் ஒன்’ ஐந்தாவதாக வருகிறது. ரோக்-ஏ-ஃபெல்லா இசை நிறுவனத்தைக் கூடவே நின்று கட்டியெழுப்பிய டேமன் டாஷை விட்டுப் பிரிந்தது முதல் சரணம். ஜே-ஸியைவிடத் தன் வேலையை அதிகமாக நேசிக்கும் ஒரு பெண்ணோடான உறவு இரண்டாவது. தான் பரிசளித்த காரிலேயே விபத்துக்குள்ளாகி இறந்துபோன உறவுக்காரப் பையனைப் பற்றியது மூன்றாவது. தொழில், காதல், குடும்பம் என்று மூன்று இழப்புகளை வரிசையாக வைக்கும் அந்தப் பாடலில் பியானோவைத் தவிரப் பெரிதாக எதுவும் குறுக்கிடுவதில்லை. பொருள்களின் பட்டியலாகவே நகர்ந்துகொண்டிருந்த ஆல்பத்தில், பரிசாகக் கொடுத்த ஒரு பொருள் சாவுக்குக் காரணமாகிவிட்டதே என்ற குற்றவுணர்வு திடீரென்று நுழையும்போது கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

பதின்மூன்றாவது பாடலான ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்ததும், உதவிக்குக் காத்திருந்த கறுப்பின மக்கள் நாள்கணக்கில் கைவிடப்பட்டதும் அதன் களம். செய்தி ஒலிபரப்பின் துண்டுகள் பாடலுக்குள் வருகின்றன. அரசைக் குறை சொல்வதோடு நிறுத்தியிருந்தால் அது இன்னொரு எதிர்ப்புப் பாடலாக மட்டும் இருந்திருக்கும். அவர் தன் பக்கம் திரும்பி, பத்து லட்சம் டாலர் கொடுத்தேன், ஆனால் என் நேரத்தைக் கொடுக்கவில்லை, ஆகவே ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை என்றுதான் பொருள் என்று சொல்கிறார். தன் வீட்டைத் தொலைக்காட்சிக்குச் சுற்றிக்காட்டும் ராப் பாடகர்களின் மடமையைப் பழிக்கும்போது தன்னையும் அந்தக் கும்பலில் சேர்த்துக்கொள்கிறார். பணம் எதைச் செய்ய முடியாது என்று கேட்கும் ஒரு பணக்காரரின் பாடல் இது. இருபது வயதில் யாரும் இதை எழுதியிருக்க முடியாது. எழுதுவதற்குக் கொடுக்கக்கூடிய பத்து லட்சமும் வேண்டும், கொடுத்த பிறகும் மீந்து நிற்கும் வெட்கமும் வேண்டும்.

பதினான்காவதும் கடைசியுமான ‘பீச் சேர்’ பாடலில் கோல்ட்பிளே குழுவின் கிறிஸ் மார்ட்டின் சேர்ந்துகொள்கிறார். அந்த இசை எனக்கு முழுமையாகப் பிடித்ததில்லை. கொஞ்சம் அதிகமாகவே கண்ணைக் கசக்குகிறது. ஆனால் இன்னும் பிறக்காத குழந்தையைப் பற்றியும், தன் பழைய பாவங்களின் கணக்கு அந்தக் குழந்தையின் மேல் விழுமோ என்ற பயத்தைப் பற்றியும் அதில் அவர் பேசுகிறார். விமர்சனத்தில் இந்தப் பாடல்களுக்குரிய இடம் கிடைக்காததற்கு அவை இருந்த இடமே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு நெருக்கமாக ஓடும் ஆல்பத்தின் நடுப்பகுதியில் ஆறாவது பாடலிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரு பாலைவனம் கிடக்கிறது. இசைத்தட்டு கைக்கு வந்த சில நாட்களுக்குள் எழுதி முடிக்க வேண்டிய விமர்சகர் அதைக் கடந்து மறுகரைக்கு வரும்போது களைத்திருப்பார்.

மறு ஆண்டில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. 2007 நவம்பர் 6 அன்று ‘அமெரிக்கன் கேங்ஸ்டர்’ ஆல்பம் வந்தது. ஃபிராங்க் லூகாஸ் என்ற ஹார்லெம் போதைப்பொருள் வணிகரின் கதையைச் சொல்லும் ரிட்லி ஸ்காட்டின் திரைப்படத்தைப் பார்த்த உந்துதலில், ஒரு கடத்தல்காரனின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வரிசையாகச் சொல்லும் ஆல்பம் அது. விமர்சகர்கள் மகிழ்ந்தார்கள், பழைய ஜே-ஸி திரும்பிவிட்டார் என்ற பேச்சு பரவியது. அது நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் ஒளிந்திருந்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அதே மனிதர், ஒரு வயது கூடுதல், பணமும் கூடுதல். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் ரோக்காவேர் ஆடை நிறுவனத்தின் உரிமையை 20.4 கோடி டாலருக்கு விற்றிருந்தார். தெருமுனையில் சரக்கு விற்ற இளைஞனின் வேடத்தை மறுபடி அணிந்துகொண்டவுடன் வயதும் பணமும் குறையாகத் தெரியவில்லை. அப்படியானால் ஓராண்டுக்கு முன் சொல்லப்பட்ட காரணம் அவருடைய வயதைப் பற்றியதாக இருந்திருக்க முடியாது. வயதுக்கேற்ற வாழ்க்கையைப் பாடாதீர்கள் என்பதுதான் அதன் உட்பொருள்.

அவரும் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொண்டார். 2013-இல் தன் ஆல்பங்களைத் தானே தரவரிசைப்படுத்தியபோது ‘கிங்டம் கம்’ ஆல்பத்தைக் கடைசியில் வைத்து, திரும்பி வந்த முதல் ஆட்டம், சுட்டுவிடாதீர்கள் என்ற மாதிரி ஒரு குறிப்பும் எழுதினார். 1995-இல் கூடைப்பந்துக்குத் திரும்பிய மைக்கேல் ஜோர்டனின் முதல் ஆட்டத்தை நினைவூட்டும் அந்த நகைச்சுவை எல்லோருக்கும் பிடித்திருந்தது. படைப்பாளியே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு வழக்கை மறுபடி எடுத்துப் பார்க்க எந்த விமர்சகருக்குத் தோன்றும்? உடல் தகுதிக் குறைவாக, பயிற்சி விட்டுப்போனதாக அதை அவர் விளக்கிவிட்டார். எனக்கு அந்த விளக்கத்தில் திருப்தி இல்லை. ‘லாஸ்ட் ஒன்’ எழுதியவருக்குப் பயிற்சி விட்டுப்போயிருந்தது என்று நம்ப முடியுமா?

2017 ஜூன் 30 அன்று ‘4:44’ ஆல்பம் வந்தபோது அவருக்கு 47 வயது. பழைய வாதத்தின்படி அது பேரழிவாக முடிந்திருக்க வேண்டும். இன்னும் முதியவர், இன்னும் பணக்காரர், மூன்று குழந்தைகளின் தந்தை, தன் சொந்த இணைய இசைச் சேவையான டைடலில் மட்டும் முதலில் வெளியிடும் முதலாளி. நடந்ததோ, பல ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த மிக நல்ல மதிப்புரைகள். பத்தே பாடல்கள், 36 நிமிடங்களைச் சற்றே தாண்டும் நீளம், முழுவதும் சிகாகோவின் நோ ஐ.டி. என்ற ஒரே தயாரிப்பாளரின் கை. ‘கிங்டம் கம்’ ஆல்பத்தில் டாக்டர் டிரே, ஜஸ்ட் பிளேஸ், நெப்டியூன்ஸ் என்று பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் அறையை அலங்கரித்துவிட்டுப் போயிருந்தார்கள். இங்கே நீனா சிமோனும் ஸ்டீவி வொண்டரும் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து எழுந்து வந்து அவர் சொல்வதற்குப் பதில் சொல்கிறார்கள். முதல் பாடலே தன் மேடைப்பெயரைக் கொன்றுவிடச் சொல்கிறது. தலைப்புப் பாடல் மனைவி பியான்சேயிடம் கேட்கும் மன்னிப்பு.

இரண்டு ஆல்பங்களுக்கும் இடையே உண்மையில் என்ன மாறியது என்பதைக் காட்ட எனக்கு அவருடைய தாய் குளோரியா கார்ட்டரே போதும். 2003-இன் ‘டிசம்பர் ஃபோர்த்’ பாடலில் அவர் தன் குரலில் மகனின் பிறப்பையும் சிறுவயதையும் சொல்கிறார். மகன்தான் நாயகன், தாய் கதை சொல்பவர். 2006-இன் ‘ஐ மேட் இட்’ பாடலில், அம்மா, நான் சாதித்துவிட்டேன் பார் என்று மகன் தாயிடம் அறிவிக்கிறார். தாய் இப்போது வெற்றிக்கு ஒரு பார்வையாளர் மட்டும். 2017-இன் ‘ஸ்மைல்’ பாடலில் முதல்முறையாகத் தாய்க்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. பெண்களை நேசிப்பவராக இருந்தும் நான்கு பிள்ளைகளுக்காக அதை மறைத்துக்கொண்டு வாழ்ந்ததையும், பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்த காதலையும் மகன் பாடுகிறார். முடிவில் மகன் ஒதுங்கிக்கொள்ள, தாயே ஒரு கவிதையைப் படிக்கிறார். ஒரே தாய், ஒரே மகன், மூன்று பாடல்கள். நடுவிலிருக்கும் பாடல்தான் மிகவும் வறண்டது. அது எழுதப்பட்டபோது அவருக்கு வயது கூடியிருந்தது என்பதால் வறண்டது என்று சொன்னால், மூன்றாவதை எப்படி விளக்குவது?

‘4:44’ பெற்ற புகழ்ச்சியும் முழுக்கத் தூய்மையானது என்று நான் சொல்லமாட்டேன். 2016 ஏப்ரலில் பியான்சேயின் ‘லெமனேட்’ ஆல்பம் வந்து, கணவனின் துரோகத்தை ஒரு கலைப்படைப்பாக உலகத்தின் முன் வைத்துவிட்டிருந்தது. ஆகவே அடுத்த ஆண்டின் மன்னிப்பைக் கேட்பதற்கு எல்லோரும் முன்கூட்டியே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். காயம்பட்டவர் முதலில் பேசி வழியைத் திறந்துவிட்ட பிறகு வந்த ஒப்புதலுக்கு, துணிச்சல் என்ற பாராட்டு சற்று தாராளமாகவே கிடைத்தது. ‘4:44’ ஆல்பத்தின் ‘தி ஸ்டோரி ஆஃப் ஓ.ஜே.’ பாடலில் யூதர்களையும் அமெரிக்கச் சொத்துடைமையையும் இணைக்கும் ஒரு வரி இருக்கிறது. பழைய இழிவான கற்பிதத்துக்கு அது தீனி போடக்கூடும் என்று யூத வெறுப்பை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பான அவதூறு எதிர்ப்புக் கழகம் கவலை தெரிவித்தது. அதே பாடலில் புரூக்ளினில் வாங்கத் தவறிய கட்டடத்தின் விலையேற்றத்தைப் பற்றி அவர் சொல்லும் முதலீட்டு அறிவுரை, ‘30 சம்திங்’ பாடலின் தம்பிதான். மனிதர்கள் ஒரேயடியாக மாறுவதில்லை. கிராமி விருதுக் குழு அந்த ஆல்பத்துக்கும் அதன் பாடல்களுக்குமாக அவரை எட்டுப் பிரிவுகளில் பரிந்துரைத்துவிட்டு, ஒன்றைக்கூடக் கொடுக்காமல் அனுப்பியது வேறு கதை.

அதன் பிறகு முதிய ராப் பாடகர் திரும்பி வருவதைப் பற்றிய எழுத்தின் தொனியே மாறிவிட்டது என்பதைக் காண்கிறேன். அந்த மாற்றத்தை ஜே-ஸி தனியாகக் கொண்டுவரவில்லை. 2016 நவம்பரில் எ டிரைப் கால்டு குவெஸ்ட் ராப் குழு 18 ஆண்டுகளுக்குப் பின், அதே ஆண்டு மார்ச்சில் இறந்துபோன தன் உறுப்பினர் ஃபைஃப் டாகின் குரலையும் சுமந்துகொண்டு ஓர் ஆல்பத்தோடு வந்தபோது, அவர்களுடைய வயதை யாரும் குறையாகப் பேசவில்லை. 2025 ஜூலையில் கிளிப்ஸ் என்ற ராப் குழுவின் சகோதரர்கள் 2009-க்குப் பிறகு முதல்முறையாகச் சேர்ந்து வெளியிட்ட ஆல்பம், இறந்துபோன பெற்றோரைப் பற்றிய பாடலோடுதான் தொடங்குகிறது. மதிப்புரைகள் அந்தப் பாடலைத் தலையில் வைத்துக் கொண்டாடின. 2006-இல் ‘லாஸ்ட் ஒன்’ பாடலுக்குக் கிடைத்தது ஒரு வாக்கியம்.

‘கிங்டம் கம்’ ஆல்பத்தை நல்ல ஆல்பம் என்று நிறுவ எனக்கு ஆசை இல்லை. ஆறாவது பாடலிலிருந்து பன்னிரண்டாவது வரை காப்பாற்றத் தகுந்தது மிகக் குறைவு. அதைக் கேட்டிராதவர்கள் ஐந்தாவது, பதின்மூன்றாவது, பதினான்காவது பாடல்களை மட்டும் அந்த வரிசையில் கேட்டுவிட்டு, உடனே ‘4:44’ ஆல்பத்தைத் தொடங்கிப் பார்க்கலாம். இடையிலிருக்கும் பதினோரு ஆண்டுகள் அப்போது காதுக்குத் தெரிவதில்லை.